கிளை வாக்கியம்

'எம்பெடட்' என்ற சொல் எனக்கு இலக்கணத்தின் வழியாகத்தான் அறிமுகம். பி.ஏ. ஆங்கிலம் படிக்கையில், ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியம் உட்கார்ந்திருப்பதை அப்படிச் சொல்வார்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். உள்ளே இருப்பது தனியாக நிற்காது. ஆனால் அதைப் பிடுங்கிவிட்டால் வெளியே நிற்பதற்குச் சில சமயம் அர்த்தமில்லாமல் போகும். தமிழில் இதற்கு நாம் பெரிதாக மெனக்கெடுவதில்லை. 'நேற்று வந்த பையன்' என்று ஒரு பெயரெச்சத்தைப் போட்டு, ஒரு முழுச் சம்பவத்தைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிடுகிறோம். இதே சொல் மின்னணுவியல் படித்தவர்களிடம் ஒரு ஜீவனோபாயத்தின் பெயராகப் புழங்குகிறது என்பது, வங்கியில் கல்விக்கடன் மேஜைக்கு நான் மாற்றப்பட்ட பிறகே தெரிந்தது.

திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தவர் ஒருவரைச் சந்திக்காமல் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம். ரிக் வண்டியிலும் தறியிலும் லாரியிலும் சம்பாதித்தவர்கள் பிள்ளைகளைப் பொறியியலில் சேர்த்தார்கள். சம்பாதிக்காதவர்கள் எங்களிடம் கடன் வாங்கிச் சேர்த்தார்கள். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. தகப்பனோ தாயோ கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். கடனை அனுமதிப்பவர் மேலாளர். தாள்களைச் சரிபார்த்து அடுக்குவதும், பிறகு தவணை வராதபோது தொலைபேசியில் கூப்பிடுவதும் நான். மாலையில் வீட்டுக்குப் போய்க் கவிதையைப் பற்றி எழுதுகிறேன். இரண்டும் ஒரே ஆளின் காரியங்கள் என்று நம்புவது எனக்கே சில நாட்களில் சிரமமாக இருக்கிறது.

பக்கத்து மேஜை நண்பர் இ.சி.இ. படித்தவர். வங்கித் தேர்வெழுதிக் குமாஸ்தாவாக வந்தார். நோட்டு எண்ணும் இயந்திரம் மக்கர் செய்தால் ரிப்பேர்க்காரருக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவோம். அவர்தான் எனக்கு முதலில் விளக்கியவர். மேஜைமேல் தெரிகிற கணினி எதையும் செய்யத் தயாராக இருப்பது. எம்பெடட் என்பது ஒரு பொருளுக்குள் மறைந்திருந்து அந்தப் பொருளுக்கு விதிக்கப்பட்ட ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பது. நோட்டு எண்ணும் இயந்திரத்துக்குள், மின்மீட்டருக்குள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள், லாரி எஞ்சினுக்குள் அது இருக்கிறது. இதில் பழகுகிறவன் எழுதும் முதல் புரோகிராம் ஒரு சின்ன விளக்கை மினுக்கவைப்பது. "அந்த எல்.இ.டி. மொதல்ல மினுக்குன ராத்திரி நான் தூங்கலீங்க சார்" என்றார். அதே வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்.

இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்று சில நாள் தேடினேன். 1916ல் சேலத்தில் இருந்துகொண்டு அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் நடத்திய ராஜாஜி, 1925ல் இங்கே பக்கத்துப் புதுப்பாளையத்துக்கு வந்து ஆசிரமம் வைத்தார். அந்தப் பிராந்தியத்து ஆள் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருப்பதாக நினைத்தேன். 'உட்பொதி' என்பது சொல்லப்படுகிறது. நான் பேசிய பொறியாளர் ஒருவர் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. அவர்கள் 'எம்பெடட்' என்கிறார்கள். பட்டறைக்காரர்கள் 'போர்டு' என்கிறார்கள். போர்டு போயிருச்சு என்றால் லாரி நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நண்பர் ஒருநாள் சலானின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1980ல் இன்டெல் வெளியிட்ட 8051 என்ற சில்லு நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் தலைமுறைகளாகப் பாடமாக இருந்துவருகிறது. அதில் புரோகிராமுக்கென்று 4096 பைட் இடம். ஓடும்போது கைக்கணக்கு வைத்துக்கொள்ள 128 பைட். இப்போது வழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். திருக்குறளின் முதல் குறளை எடுத்துக்கொண்டார். 39 குறிகள், 117 பைட். சொற்களுக்கு இடையே 6 வெற்றிடம். ஆக 123. மிச்சம் 5.

"குறள் அடங்கிருச்சுங்க சார். ஆனா அதை உள்ளார வச்சா புரோகிராம் ஓடறதுக்கு எடம் இல்லீங்க. அந்த 128க்குள்ளதான் அது தன்னோட கைவேலையும் பாத்தாகோணும்."

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு உவமையைக் கட்டினேன். எம்பெடட் பொறியாளன்தான் மென்பொருள் உலகத்தின் சிறுபத்திரிகைக்காரன். இடம் குறைவு, ஒரு எழுத்தும் விரயமாகக் கூடாது. திரை இல்லை, பெயர் இல்லை. வேலை செய்தால் யாருக்கும் தெரியாது. சேலத்தில் பதினெட்டுப் பேர் வந்த ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். நல்ல வரவேற்பு. நம்மைப் பற்றி நம்மிடம் நல்லதாகச் சொல்லும் உவமைகள் பெரும்பாலும் எடுபடும்.

இந்த உவமைக்கு ஒரு தமிழ் முன்னோடியும் அகப்பட்டார். அவர் சுஜாதா என்பதுதான் சங்கடம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அவர் ஒரு தீராத பிரச்னை. வாராவாரம் லட்சக்கணக்கானவர்கள் படித்த தொடர்களையும் எழுதினார். கணையாழியின் கடைசிப் பக்கத்தையும் எழுதினார். எந்தக் கூடையில் போடுவது என்று நம்மவர்களுக்குப் புரிந்ததில்லை. பகலில் அவர் எஸ். ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அங்கே உருவாக்கிய பணியை மேற்பார்த்தவர்களில் ஒருவர். 1982ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளில் அப்படிப்பட்ட இயந்திரம் முதல்முறையாக வைக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை நிராகரித்தது. சட்டத்தைத் திருத்தி, 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அது வந்தது. அவர் கதைகளைப் படிக்காத கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பெட்டியின்மேல் விரல் வைத்திருக்கிறார்கள். பெட்டியின்மேல் அவர் பெயர் கிடையாது. நாம் அவர் எழுத்தில் எந்த அநாமதேயத்தைக் காணோம் என்று குறைப்பட்டோமோ, அது அவருடைய பகல் வேலையில் இருந்தது. இதை நான் சொன்னபோது கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

உவமையை முதலில் மறுத்தவர் ஒரு பொறியாளர்தான். பள்ளித் தோழனின் தம்பி. பெங்களூரில் லாரி எஞ்சின்களின் கட்டுப்பாட்டு போர்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவர். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்து வீட்டு மாடி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2021 பொங்கலுக்குப் போனபோது மேஜைமேல் எஞ்சின் இல்லாமல் எஞ்சினின் மூளை மட்டும் கம்பிகளோடு கிடந்தது. என் உவமையைச் சொன்னேன். அவர் மரியாதைக்காகச் சிரித்தார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.-6 வந்துச்சுங்களா. புகையைச் சுத்தம் பண்ண யூரியாக் கரைசல் தொட்டி ஒண்ணு இருக்குது. அது காலியானா, இல்லை காலின்னு சென்சார் சொன்னா, எங்க புரோகிராம் எஞ்சினோட வலுவைக் கொறைச்சுரும். லோடோட வர்றவன் தொப்பூர் மேட்டுல ராத்திரி நிப்பான். எழுதுனவன் யாருன்னு அவனுக்குத் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் நல்லது. உங்க கவிதை புரியலைன்னா யாரும் மேட்டுல நிக்க மாட்டாங்கண்ணா."

அநாமதேயம் என்பது அவருக்கு ஒரு லட்சியமல்ல, வேலையின் நிபந்தனை. அவர் மேலும் சில விஷயங்கள் சொன்னார். எலெக்ட்ரானிக்ஸ் வேலை என்று நம் ஊரில் ஒரே சொல்லால் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பூட்டுகிற வேலை, வடிவமைக்கிற வேலை. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர் கைப்பேசிகளைப் பூட்டினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பூட்டுகிற வேலை கும்பலாக வரும், கும்பலாகப் போகும். வடிவமைக்கிற வேலை ஒன்றிரண்டு பேருக்குத்தான். ஆரம்பச் சம்பளம் குறைவு. நாலைந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பிறகு பரவாயில்லை. "அந்த நாலு வருஷத்தை யார் தாங்கறதுங்கறதுதான் கேள்விண்ணா. எனக்கு எங்கப்பா தாங்குனாங்க." கடைசியாக ஒன்று: "எந்த வேலை எடுத்தாலும் நாங்க மொதல்ல கேக்கறது, அதிகபட்சம் எவ்வளவுன்னு. மெமரி எவ்வளவு, நேரம் எவ்வளவு, சூடு எவ்வளவு தாங்கும். அது தெரியாம ஒரு வரி எழுத மாட்டோம்."

இதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பையன் என் மேஜைக்கு வந்தான்.

2021 ஜூலை. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். கூலிக்கு நெசவு செய்யும் எட்டுத் தறிக் குடும்பம். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா பாவு பிணைக்கிறார். நாலு லட்சம் கடன். படிப்பு முடிந்துவிட்டது. கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று சென்னையில் ஐ.டி. கம்பெனி. அந்த வருஷம் அவர்கள் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் வாரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று பெங்களூரில் இருபது பேர் உள்ள ஒரு போர்டு கம்பெனி. சம்பளம் சென்னையில் தருவதில் பாதிக்குச் சற்று மேல். அவன் சொன்ன வாக்கியம் எனக்கு எழுத்தெழுத்தாக ஞாபகம் இருக்கிறது:

"சார், தவணை எப்ப ஆரம்பிக்கும்னு தெரிஞ்சுட்டா, எந்த வேலைன்னு வீட்ல சொல்லிருவேனுங்க."

எந்த வேலை என்பதைப் பிடித்துக்கொண்டேன். எம்பெடட் என்றால் உனக்குப் பிடிக்குமா தம்பி என்று கேட்டேன். அவன் கண்கள் மாறின. 1969ல் சந்திரனுக்குப் போன அப்போலோ கணினியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அதன் நிரந்தர நினைவகம் நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து, ஊசியில் கோர்த்த செம்புக் கம்பியைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே செலுத்தினார்கள். வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அப்படி 36,864 சொற்கள். அவர்களில் பலர் நெசவாலையிலும் கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள். ஒரு கம்பி தப்பாகப் போனால் புரோகிராம் தப்பு. "எங்கம்மாகிட்டச் சொன்னேனுங்க. பாவு மாதிரிதானேடான்னு கேட்டாங்க." இறங்குகிற நேரத்தில் அந்தக் கணினிக்கு வேலை மிஞ்சிப்போய் 1202 என்று அபாயக் குறி காட்டியது, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பத் தொடங்கி, இறக்கிவிட்டது.

நான் கிறங்கிப்போனேன். பாவு பிணைக்கிறவளின் மகன் நெய்த நினைவகத்தைப் பற்றித் திருச்செங்கோட்டு வங்கியில் பேசுகிறான்! உவமை என் கண்ணெதிரே சதையும் ரத்தமுமாக நின்றது. தயங்காதே, பெங்களூருக்குப் போ, பணம் பின்னால் வரும், பிடித்த வேலையை விட்டவர்கள் பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். தவணையா, அது இருக்கட்டும், இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவன் தலையாட்டினான். பின்னால் நாலு பேர் வரிசையில் இருந்தார்கள்.

கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஒரு வருஷம் தவணை கிடையாது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அவன் தவணை 2022 ஜூலையில் ஆரம்பித்தது, மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். ஜூலை வரவில்லை. ஆகஸ்ட் வரவில்லை. தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன் என்று பதிவாகும். செப்டம்பரில் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. அவன் எண் கிடைக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார். பிறகு தறியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"சம்பளம் பாதி தர்றாங்களாம் சார். ரண்டு மாசமா அதுவும் இல்லீங்க. ஏதோ சில்லு வெளிநாட்டுல இருந்து வரலையாம். நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அவன் பெங்களூருக்கே போனான்."

அந்தக் காலத்துச் சில்லுப் பஞ்சம் உலகம் அறிந்தது. 2020 கடைசியில் தொடங்கி, பெரிய கார்க் கம்பெனிகளே ஆலைகளை நிறுத்தின. சில மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஒரு வருஷம் என்றார்கள். பெரியவர்கள் இருப்பதை வளைத்துக்கொண்டார்கள். இருபது பேர் கம்பெனிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. போர்டு தயார், அதில் வைக்க வேண்டிய நகக்கண் அளவுள்ள ஒன்று இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. நீங்க சொன்னீங்கன்னுதானுங்க. அந்த வாக்கியத்தோடு ஒரு மாதம் இருந்தேன். ஆலோசனையின் வன்முறை என்பதாக ஒரு கட்டுரையைக்கூட ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். குற்ற உணர்வைக்கூட உபயோகப்படுத்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் வங்கிக்கு வந்தான். இளைத்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஏதோ தொடங்கினேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சங்கடப்பட்டான்.

"ஐயோ, இல்லீங்க சார். சேர்றேன்னு கம்பெனிக்கு மெயில் நான் முந்துன நாளே போட்டுட்டேனுங்க. பேங்க் சாரே சொன்னாருன்னு சொன்னா அப்பா உடுவாருன்னு சொன்னேன். நான் உங்ககிட்ட வந்தது தேதி கேக்கறதுக்குங்க. மொத ரண்டு வருஷம் சம்பளம் பத்தாதுன்னு தெரியும். அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நிலாக் கதையை நாந்தானுங்க எடுத்தேன். அப்பறம் கேக்க முடியலை."

வழி இருந்தது. வேலையில்லாத காலத்துக்கும் சம்பளம் போதாத காலத்துக்கும் தவணையை ஒத்திவைக்க வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பையன் தன் கேள்வியை ஒரு கிளை வாக்கியத்துக்குள் வைத்திருந்தான். கூச்சப்படுகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். தவணை எப்ப ஆரம்பிக்கும். நான் முதன்மை வாக்கியத்தை மட்டும் வாசித்தேன், அதில் எனக்கு வேண்டியது இருந்ததால். அவனால் எவ்வளவு தாங்க முடியும் என்று கேட்கவில்லை. மாடி அறையில் ஒரு பொறியாளர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி அது. கவிதைகளையும் இப்படித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் அன்று வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை.

விண்ணப்பத்தை அவன் நின்றபடியே எழுதினான். மேலாளர் ஒத்துக்கொண்டார். நாலு பக்கக் கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது அவன் கோவையில் இருக்கிறான். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி வருகிறதே, அதற்கான போர்டு செய்கிற இடம். கணக்கு ஒழுங்காக நடக்கிறது. போன மாதம் கொக்கராயன்பேட்டைப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் தோட்டத்துக்குக் கடன் விஷயமாகப் போனபோது மோட்டார் அறையில் அப்படி ஒரு பெட்டி மாட்டியிருந்தது. அவன் செய்ததா என்று தெரியாது. பெயர் இருக்காது. ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரிடம் கேட்டேன், சௌகரியமாக இருக்கிறதா என்று. "ராத்திரி பாம்புக்குப் பயந்துட்டு வர வேண்டியதில்லீங்க" என்றார்.

பக்கத்து மேஜை நண்பரிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார். "நல்ல போர்டா இருந்தா சத்தம் இல்லாம இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்.

கல்விக்கடன் தாள்களோடு வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் தவணைத் தேதியைச் சொல்லிவிடுகிறேன். மாதம் எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறேன். ஒத்திவைக்க வழி இருப்பதையும், அதற்கு எந்தப் படிவம் என்பதையும் சொல்லுகிறேன். அதற்குப் பிறகு வரிசையில் ஆள் இல்லையென்றால், அவர்களுக்கும் இஷ்டமிருந்தால், மற்ற விஷயங்களைப் பேசுகிறோம்.